அஞ்சலில் வந்த எந்திரங்கள்

கடைக்குச் சென்று, பொருளைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, விலை பேசி வாங்குவதே உலகெங்கும் நெடுங்காலம் நிலவிய வழக்கம். மண்பானையாயினும் மாடாயினும், வாங்குபவனின் கண்ணும் கையுமே அவனுக்குக் காவல். அந்தக் காவலைத் துறந்து, முகமறியாத ஒருவனுக்குப் பணத்தை முன்னதாகவே அனுப்பிவிட்டு, ஆயிரம் கல் தொலைவிலிருந்து பொருள் வந்து சேருமென்று காத்திருக்கும் முறையொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. அதுவே அஞ்சல்வழி வாணிகம். துணியும் தொப்பியும் இம்முறையில் விற்பனையாயின என்றால் நாம் எளிதில் நம்பிவிடலாம். ஆனால், நீர் இறைக்கவும், மரம் அறுக்கவும், மண்ணைக் கிளறவும், புல் வெட்டவும் பயன்படும் எந்திரங்களையும் மக்கள் இவ்வாறே எழுதிக் கேட்டு வரவழைத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

துணியில் சாயம் போனால் இழப்புச் சிறிது. வேலைமிகுந்த பருவத்தில் எந்திரம் நின்றுவிட்டாலோ, ஓர் ஆண்டு உழைப்பே வீணாகக் கூடும். ஆகவே, தொலைவிலுள்ள வணிகனின் சொல்லை நம்பலாமா என்னும் வினாவுக்குரிய உண்மையான தேர்வு எந்திரத்தில்தான் நிகழ்ந்தது. வணிகப் பெருந்தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் பல வெளிவந்துள்ளன. வாங்கியவர்களின் பக்கத்தில் நின்று இவ்வரலாற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாணிகத்தின் முன்னோடிகளுள் ஒருவராக வேல்ஸ் நாட்டின் நியூடவுன் நகரைச் சேர்ந்த பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்பவரைக் கூறுவர். தம் ஊர்க் கம்பளித் துணிகளை அவர் 1861ஆம் ஆண்டளவில் விலைப்பட்டியல் அனுப்பி விற்கத் தொடங்கினார். புகைவண்டிப் பாதை அவருக்குத் துணையாயிற்று. விக்டோரியா அரசியாரும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவருடைய வாடிக்கையாளர்களாக இருந்தனர். பத்தாண்டு கழித்து, 1871இல், இலண்டனில் படைத்துறை அலுவலர்கள் தமக்கெனக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றை நிறுவினர். குடியேற்ற நாடுகளில் பணிபுரிந்த வெள்ளையர்கள் அதன் தடித்த விலைப்பட்டியலைப் புரட்டி, வேண்டியவற்றை எழுதிக் கேட்டுக் கப்பலில் பெற்றனர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்குக் கிளைகள் தோன்றின. ஆனால், இவ்வாடிக்கையாளர்கள் செல்வாக்குடையவர்கள். பொருள் பழுதாக வந்தால் கேட்பதற்கு நாவும், எழுதுவதற்குப் பயிற்சியும், காத்திருப்பதற்கு வசதியும் அவர்களுக்கு இருந்தன. இவை எதுவுமில்லாத எளிய உழவன் இவ்வாணிகத்தில் நுழைந்த கதையை அமெரிக்காவில்தான் காண வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்னர், நடுமேற்குச் சமவெளிகளில் வாழ்ந்த உழவர்கள் தம் விளைபொருளைக் குறைந்த விலைக்கு விற்று, வேண்டியவற்றைக் கூடிய விலைக்கு வாங்கினர். ஊருக்கு ஒரு கடை, அக்கடையில் கடன், கடனுக்கு வட்டி. நடுவிலிருந்த தரகர்கள் பலர். இக்கொடுமையைக் கண்டு 1867இல் உழவர்கள் ‘கிரேஞ்சு’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று துணி விற்கும் பயண முகவராக இருந்த ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் அவர்களின் குறைகளை நேரில் கேட்டறிந்தவர். தரகரை நீக்கி, மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கி, உழவனுக்கே நேராக அனுப்பினால் விலையைக் குறைக்கலாமே என்று அவர் எண்ணினார். அவர் சேர்த்துவைத்த முதற் சரக்கு 1871ஆம் ஆண்டுச் சிக்காகோ பெருந்தீயில் எரிந்து போயிற்று. மனந்தளராமல் 1872இல் மீண்டும் தொடங்கினார். அவருடைய முதல் விலைப்பட்டியல் 163 பொருள்களைக் கொண்ட ஒற்றைத் தாள்தான்.

அடுத்த ஆண்டே அவருக்குச் சோதனை வந்தது. கடையும் இல்லாமல், விற்பனையாளரும் இல்லாமல், நம்பமுடியாத விலைக்குப் பொருள் தருவதாகக் கூறும் இந்நிறுவனம் ஏமாற்று வேலை என்று 1873 நவம்பரில் சிக்காகோ டிரிபியூன் ஏடு உழவர்களை எச்சரித்தது. வார்டு வழக்கிடுவதாகக் கூறவே, அவ்வாண்டு முடிவதற்குள் அவ்வேடு தன் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்நிகழ்ச்சியைப் பலர் அந்த ஏட்டின் அறியாமை என்று தள்ளிவிடுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. அன்றைய நிலையில் ஐயுறுவதே அறிவுடைமை. முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்த போலிகள் அந்நாளில் மிகப் பலர். பொருள் பிடிக்காவிடில் பணம் திருப்பித் தரப்படும் என்னும் உறுதிமொழியை வார்டு 1875இல் வெளியிட்டார். அதை அவருடைய அருள் உள்ளத்திற்குச் சான்றாகப் போற்றுவோர் உண்டு. உண்மையில் அது வாங்குவோரின் ஐயம் வணிகனிடமிருந்து பெற்ற விலை. மக்கள் எளிதில் நம்பியிருந்தால் அவ்வுறுதிமொழி பிறந்தே இருக்காது.

இக்காலத்து வாடிக்கையாளர்கள் எழுதிய கடிதங்கள் மனித இயல்பைக் காட்டும் கண்ணாடிகள். தங்களுக்கு ஏற்ற மணமகளைத் தேடித் தருமாறு வார்டு நிறுவனத்துக்கு எழுதிய உழவர்கள் இருந்தனர். அடங்காத பிள்ளையை எவ்வாறு திருத்துவது என்று கேட்ட பெற்றோரும் இருந்தனர். நெடுநாளாக எதுவும் வாங்காமைக்குக் காரணம் கூறி ஒருவர் எழுதினார்: மாடு உதைத்துக் கை முறிந்ததையும், மனைவி நோயுற்றதையும், மருத்துவர் கடனை அடைத்து முடித்ததையும், ஆண் குழந்தை பிறந்ததையும் விரிவாகக் கூறிவிட்டு, இறுதியில் தொப்பி ஒன்றின் பட்டியல் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புமாறு கேட்டார். முகமறியாத நிறுவனத்தை அவர் தம் ஊர்க் கடைக்காரராகவே எண்ணிக்கொண்டார் போலும். தட்டச்சில் அடித்த மறுமொழியை அவமதிப்பாக எடுத்துக்கொண்ட வாடிக்கையாளர்களும் இருந்தனராம். அதனால் சியர்ஸ் நிறுவனம் சிலகாலம் கையாலேயே கடிதம் எழுதி அனுப்பியது.

ஆசிரியர்களாகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சியர்ஸ் நிறுவனத்தின் பட்டியல் நூல், வாங்குவோர் தமக்குத் தெரிந்த முறையிலேயே எழுதலாம், எழுத்து நன்றாக இல்லாவிடினும் கவலையில்லை, எம்மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கின்றனர் என்று அறிவித்தது. செருமனியிலிருந்தும் சுவீடனிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறி ஆங்கிலம் அறியாதிருந்த உழவனுக்கு, ஊர்க் கடையில் கிடைக்காத மதிப்பு இவ்வாறு தாளில் கிடைத்தது. அந்நூலின் பயன் அத்துடன் நிற்கவில்லை. நூல்கள் அரிதாயிருந்த ஓரறைப் பள்ளிகளில் அதுவே பாடநூலும் ஆயிற்று. பிள்ளைகள் அதில் எழுத்துக்கூட்டிப் படித்தனர்; விலைகளைக் கூட்டிக் கணக்குக் கற்றனர். 1946இல் நியூயார்க்கின் குரோலியர் கழகம், அமெரிக்க வாழ்வில் பெருந்தாக்கம் விளைவித்த நூறு நூல்களைத் தெரிந்தெடுத்தபோது, வார்டின் பட்டியலுக்கும் அவற்றுள் இடமளித்தது. நம் தோட்டப் பள்ளிகளில் பழைய நாளிதழை வைத்துப் பாடம் நடத்திய மூத்த ஆசிரியர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

கறுப்பின மக்களுக்கு இப்பட்டியல் அளித்த விடுதலையையும் குறிப்பிடுதல் வேண்டும். தென் மாநிலங்களில் கடைக்காரரே கடன் கொடுப்பவர். சில இடங்களில் நிலக்கிழாரும் அவரே. வெள்ளையர் அனைவரும் வாங்கி முடிக்கும்வரை கறுப்பர் காத்து நிற்க வேண்டும். எதை வாங்கலாம் என்பதையும் பிறரே முடிவு செய்தனர். அஞ்சலில் எழுதியவனின் நிறத்தைச் சிக்காகோ அலுவலகம் காணவில்லை. இதைப் பொறாத சிலர், அந்நிறுவனங்களின் உரிமையாளர்களே கறுப்பர்கள் என்று வதந்தி பரப்பி வெள்ளை வாடிக்கையாளர்களை அச்சுறுத்த முயன்றனர். ஆயினும், குத்தகை உழவர்களாகிய அவர்களால் எந்திரம் வாங்க முடிந்தது மிக அரிது. துணி, காலணி, இசைக் கருவி ஆகியவற்றோடு அவர்களின் வாங்கும் ஆற்றல் பெரும்பாலும் நின்றுவிட்டது.

இனி சியர்ஸ் பற்றிச் சிறிது விரிவாகக் காண்போம். ரிச்சர்டு சியர்ஸ் மினசோட்டாவில் சிற்றூர்ப் புகைவண்டி நிலைய அலுவலராக இருந்தவர். 1886இல் உள்ளூர் வணிகர் ஏற்க மறுத்த ஒரு பெட்டிக் கடிகாரங்களை வாங்கிப் பிற நிலைய அலுவலர்களுக்கு விற்று வாணிகத்தில் இறங்கினார். 1893இல் அந்நிறுவனம் சியர்ஸ், ரோபக் என்னும் பெயரைப் பெற்றது. சியர்ஸ் எழுத்துத் திறன் மிக்கவர். அத்திறன் சில வேளைகளில் வரம்பு மீறியது. சாய்விருக்கையும் இரு நாற்காலிகளும் ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் கிடைக்கும் என்று அவர் ஒருமுறை விளம்பரம் செய்தார். பணம் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தவை பொம்மை வீட்டில் வைக்கும் சிறு பொருள்கள். அவை சிற்றுருவங்கள் என்பது விளம்பரத்தில் நுண்ணெழுத்தில் அச்சாகியிருந்ததாம். சட்டப்படி அவர் தப்பியிருக்கலாம். ஏமாந்தவனுக்கோ அது பொய்தான்.

விற்பனை பெருகப் பெருக, வந்த கடிதங்களைக் கையாள முடியாமல் நிறுவனம் திணறியது. தையல் எந்திரம் ஒன்று கேட்டவர், நிலையத்துக்குப் போகும் போதெல்லாம் புதிதாக ஒன்று காத்திருக்கக் கண்டு, ஐந்து வந்துவிட்டன, இனி அனுப்ப வேண்டாம் என்று மன்றாடி எழுதினார் என்பது அக்காலத்து வேடிக்கைக் கதை. 1906இல் சிக்காகோவில் கட்டப்பட்ட பெரும்பண்டகசாலையில், ஒவ்வொரு கட்டளைக்கும் கால்மணி நேர எல்லை வகுத்து, அந்த நேரத்துக்குள் எல்லாப் பிரிவுகளும் தத்தம் பொருள்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்னும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் ஆட்டோ டோரிங் என்பவர். விளம்பரத்தின் சொல்வன்மையைவிட இந்தக் கால்மணி ஒழுங்கே வாங்குவோருக்குப் பெரிதும் பயன்பட்டது என்பது என் கருத்து.

எந்திரங்களும் இப்பட்டியல்களில் இடம்பெற்றன. தையல் எந்திரமும் பாலாடை பிரிக்கும் எந்திரமும் முதலில் பெருவிற்பனை கண்டன. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெட்ரோல் எந்திரம் வந்தது. அதை இன்று நம் பள்ளித் திடல்களில் தொழிலாளர் தோளில் மாட்டிக்கொண்டு புல்வெட்டும் கருவியோடு ஒப்பிட்டு எண்ணக்கூடாது. இரு பக்கமும் கனத்த இரும்புச் சக்கரங்கள். நடுவில் ஒற்றை உருளை. அதன்மேல் திறந்த தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலுள்ள நீர் கொதித்து ஆவியாகி உருளையின் வெப்பத்தைக் கொண்டு செல்லும். வேகம் குறையும்போது மட்டும் எரிபொருள் வெடித்து, மற்ற வேளைகளில் சக்கரம் தன் கனத்தாலேயே சுழன்றுகொண்டிருக்கும். அதனால் விட்டு விட்டு ஒலிக்கும் அதன் வெடியோசையைத் தொலைவிலிருந்தே கேட்டறியலாம். தோல்பட்டை ஒன்றைப் பூட்டி இதனால் கிணற்று நீரை இறைக்கலாம், தீவனம் அரைக்கலாம், விறகு அறுக்கலாம். இருவர் எதிரெதிர் நின்று இழுக்கும் நீண்ட வாளை எந்திரமே முன்னும் பின்னும் இழுத்து மரத்தை அறுக்கும் அமைப்பைக் கான்சாசு மாநிலத்து ஒட்டாவா நகர் நிறுவனமொன்று உழவர்களுக்கு நேராக அஞ்சல் வழியே விற்றது. கான்சாசு நகரின் விட்டி, அயோவாவின் வாட்டர்லூ நகரைச் சேர்ந்த காலோவே ஆகியோரும் இவ்வாறே நேர்விற்பனை செய்தவர்கள்.

இத்தகைய எந்திரம் உழவன் கைக்கு வந்து சேர்ந்த முறை, பட்டியலில் கண்ட அழகிய படத்தைப் போல் எளிதன்று. பல நூறு பவுண்டு கனமுள்ள மரப்பெட்டி சரக்கு வண்டியில் வந்து, அருகிலுள்ள புகைவண்டி நிலையத்தில் இறங்கும். அந்நிலையத்தில் அலுவலர் இல்லாவிடில் சரக்குக் கூலியை முன்னதாகவே செலுத்தியிருக்க வேண்டும். கூலி எவ்வளவு என்பதை வாங்குபவனே பட்டியலில் கண்ட கனத்தையும் கட்டண வகையையும் கொண்டு கணக்கிட வேண்டும். மலிவு விலையில் மயங்கியவன் இக்கணக்கில் தடுமாறினால் மலிவு பறந்துவிடும். பெட்டியில் உடைவு தெரிந்தால், கையொப்பமிடும் முன்னரே நிலைய அலுவலரைக் கொண்டு சரக்குச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுமாறு பட்டியல் நூல்கள் அறிவுறுத்தின. எழுதி வாங்காதவனின் நிலை இரங்கத்தக்கது. நிறுவனம் புகைவண்டிக்காரரைக் காட்டும். புகைவண்டிக்காரர் பெட்டி கட்டியவரைக் காட்டுவார்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பின்னரும் வேலை முடியவில்லை. சியர்ஸ் நிறுவனம் 1912 வரை விற்ற மோட்டார் வண்டிகூடப் பெட்டியில்தான் வந்தது. சக்கரங்களை மாட்டி, எண்ணெயும் பெட்ரோலும் ஊற்றி, வாங்கியவரே ஓட்டத் தொடங்க வேண்டும். ஏறத்தாழ 3,500 வண்டிகள் இவ்வாறு விற்பனையாயின. நீர் எந்திரமும் அவ்வாறே. உள்ளூர் வணிகரிடம் வாங்கியிருந்தால் அவர் ஆளனுப்பி ஓட்டிக் காட்டுவார். அஞ்சலில் வாங்கியவனுக்கு ஆசிரியர் அந்த அறிவுரைத் தாள் ஒன்றே. தீப்பொறி தரும் மின்கலம் வலுவிழந்ததா, எரிபொருள் மிகுந்துவிட்டதா, வால்வு ஒட்டிக்கொண்டதா என்பதைப் படித்தும் சோதித்தும் அவனே கண்டறிய வேண்டும். ஒரு தலைமுறை அமெரிக்க உழவர்கள் இவ்வாறு தாமே எந்திரக் கல்வி பெற்றனர். அவர்களின் பிள்ளைகள் பின்னாளில் மோட்டார் வண்டியைப் பிரித்துப் பூட்டத் தயங்கவில்லை.

உத்தரவாதத்தின் எல்லை எது என்னும் சிக்கலும் இங்குதான் எழுந்தது. குளிர்கால இரவில் தொட்டி நீரை வடித்துவிட மறந்தால், நீர் பனிக்கட்டியாக விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். பழைய எந்திரங்களைச் சேகரிப்போர் இன்றும் இத்தகைய வெடிப்புகளைக் காண்கின்றனர். விற்றவன் பார்வையில் இது வாங்கியவனின் கவனக்குறைவு. பொருளின் குறையோ வேலைப்பாட்டின் குறையோ அன்று. வாங்கியவன் பார்வையில் முப்பது நாளில் பிளந்த எந்திரம். முப்பது நாள் வைத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையேல் திருப்பி அனுப்பலாம், இருவழிக் கூலியும் எங்களுடையது என்று நிறுவனங்கள் முழங்கின. பெரும்பாலும் அவை சொன்னபடி நடந்துகொண்டமையால்தான் நிலைத்தன. எனினும், கனத்த எந்திரத்தை மீண்டும் பெட்டியில் அடைத்து, மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஏற்றி, நிலையத்தில் இறக்குவதற்கு ஆகும் ஒரு நாளை யார் திருப்பித் தருவார்? நாற்று நடவோ அறுவடையோ அதற்காகக் காத்திராது. பணம் திரும்பும், பருவம் திரும்பாது. ஆகவே, சிறுகுறையுள்ள எந்திரத்தைத் திருப்பி அனுப்பாமல், கொல்லனிடம் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டவர்களே பலராக இருந்திருப்பர்.

உதிரிப் பாகங்களின் கதை இதனினும் முக்கியமானது. நிறுவனத்தின் பெயர் பொறித்த எந்திரத்தை அந்நிறுவனமே செய்தது என்று வாங்கியவர் எண்ணினர். பல வேளைகளில் அது உண்மையன்று. சியர்ஸ் ‘எக்கானமி’ என்னும் பெயரில் விற்ற எந்திரங்களை இந்தியானா மாநிலத்து எவான்சுவில் நகரின் எர்குலிசு நிறுவனம் செய்து கொடுத்தது. விற்பவருக்கு மலிவாகச் செய்து தருபவர் மாறினால், பெயர் அதுவாகவே இருக்க, உள்ளுறுப்பு மாறிவிடும். பெயரை மட்டும் எழுதி வால்வு கேட்டவனுக்குப் பொருந்தாத வால்வு வரும். எந்திரத்தின் மீது அறைந்த தகட்டிலுள்ள எண்ணைப் பார்த்து எழுத வேண்டும் என்பதை மக்கள் பட்டறிந்தே கற்றனர்.

உள்ளூர் வணிகர்கள் இவ்வாணிகத்தைக் கடுமையாக எதிர்த்தனர். சில ஊர்களில் பிள்ளைகள் கொண்டு வந்து கொடுத்த பட்டியல் நூல்களுக்குப் பரிசளித்து, அவற்றை நடுத்தெருவில் குவித்து எரித்தனர். அஞ்சியஞ்சி வாங்கியவர்களுக்காகப் பெயரெழுதாத பெட்டிகளில் பொருளனுப்பவும் நிறுவனங்கள் முன்வந்தன. நூலை எரிப்பது நமக்கு அருவருப்பூட்டும் செயல். ஆனாலும், அவ்வணிகரின் வழக்கில் ஞாயம் சிறிதும் இல்லை என்று கூறிவிட முடியாது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் கடன் கொடுத்தவர் அவர். எந்திரம் பழுதானால் ஓடி வந்தவரும் அவரே. சிக்காகோவில் வாங்கிய எந்திரத்தைப் பழுது பார்க்க அவரிடமே வந்து நின்றால் அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? உழவன் பெற்ற மலிவில் ஒரு பங்கு, உள்ளூர்க் கடையின் ஊதியமில்லாத தொண்டிலிருந்து வந்தது.

இப்போராட்டத்தில் உழவனின் பக்கம் நின்றது அரசின் அஞ்சல் துறை. 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜினியாவில் சோதனையாகத் தொடங்கிய சிற்றூர் இலவச அஞ்சல், 1902இல் நிலையான சேவையாயிற்று. அதுவரை கடிதம் வாங்க நகருக்குச் சென்ற உழவனின் வாயிலுக்கே பட்டியல் நூல் வந்தது. ஆயினும், நாட்டுக்குள் அஞ்சலில் அனுப்பக்கூடிய பொதியின் எல்லை நான்கு பவுண்டுதான். அயல்நாட்டு உடன்படிக்கைகளின்படி வெளிநாட்டுக்கு 11 பவுண்டு அனுப்பலாம். உள்நாட்டில் அடுத்த ஊருக்கு முடியாது! தனியார் பொதி நிறுவனங்களும் சிற்றூர் வணிகரும் தடுத்து வந்த பொதி அஞ்சல் 1913 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 11 பவுண்டாக இருந்த எல்லை அடுத்த ஆண்டே அண்மை ஊர்களுக்கு 50 பவுண்டாக உயர்ந்தது. பொருந்தாத வால்வைத் திருப்பி அனுப்பிச் சரியானதைப் பெறுவதற்கு இனி சரக்கு வண்டியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எந்திரம் வாங்கியவனுக்குப் பொதி அஞ்சல் செய்த பேருதவி, எந்திரத்தைக் கொணர்ந்ததன்று. அதன் சிறு பாகங்களைக் கொணர்ந்ததே.

முதல் உலகப் போருக்குப் பின், 1920-21இல், வேளாண் விலைகள் சரிந்தன. கடனில் விரிந்த காலோவே நிறுவனம் வீழ்ந்தது. சியர்ஸ் நிறுவனத்தைக் காக்க அதன் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டு தம் சொந்தச் செல்வத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கோடி டாலருக்குப் பொறுப்பேற்றார். கறுப்பின மாணவர்க்கென ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவியவரும் இவரே. மோட்டார் வண்டி பெருகியதும் உழவன் நகருக்குச் சென்றே வாங்கலானான். 1925இல் சியர்ஸ் தன் முதற் கடையைத் திறந்தது. இருப்பினும் அஞ்சல்வழி எந்திர விற்பனை மறையவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், கையால் பிடித்து நடந்து ஓட்டும் சிறு உழவு எந்திரங்களையும், புல்வெட்டிகளையும், சங்கிலி வாள்களையும் வீட்டுத் தோட்டக்காரர்கள் பட்டியல் பார்த்து வாங்கினர். நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் செய்யப்பட்ட மண்கிளறும் எந்திரமொன்று 1970களில் பெரும்பாலும் அஞ்சல் விளம்பரத்தாலேயே நாடெங்கும் பரவியது. அதைச் செய்த நிறுவனம் 2001இல் நொடித்தது. அதன் பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

கடல் கடந்த வாடிக்கையாளர்களும் அக்காலத்திலேயே இருந்தனர். சீனத்திலும் பிற ஆசிய நாடுகளிலும் பணிபுரிந்த அமெரிக்கச் சமயப் பணியாளர் குடும்பங்கள் வார்டு பட்டியலைப் பார்த்து ஆண்டுக்கொரு முறை எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து கப்பலில் பொருள் பெற்றன. இன்று கணினித் திரையில் விரலசைத்து அயல்நாட்டிலிருந்து புல்வெட்டியோ சங்கிலி வாளோ வாங்குபவர், அக்குடும்பங்கள் காணாத இடையூறுகள் சிலவற்றைக் காண்கிறார். அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட் அழுத்தமும் நொடிக்கு 60 சுழற்சியும் உடையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்கு, சுழற்சி 50. நேராகப் பொருத்தினால் மோட்டார் எரியும். அழுத்தத்தைக் குறைக்கும் கருவியை இடையில் வைத்தாலும் சுழற்சி மாறாது. சிலவகை மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடேறி ஓடும். மின்கலத்தால் இயங்குவதை வாங்கலாமெனில், தனியே அனுப்பப்படும் லித்தியம் அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பெட்ரோல் எந்திரத்தில் ஒருமுறை எரிபொருள் ஊற்றி ஓட்டிவிட்டால், அது தீப்பற்றும் பொருள் வகையில் சேர்ந்துவிடும். அதை அப்படியே அஞ்சலில் திருப்பி அனுப்ப இயலாது. ஓட்டிப் பார்க்காமல் குறை தெரியாது. ஓட்டிப் பார்த்தபின் அனுப்ப முடியாது. சில நாடுகளில் சங்கிலி வாளுக்கே தனி உரிமம் வேண்டும். பிலிப்பீன்சில் அதற்கென்று 2002இல் சட்டம் இயற்றப்பட்டது. 1875இல் உழவன் பெற்ற உறுதிமொழி இன்றும் விளம்பரங்களில் அதே சொற்களில் அச்சாகிறது. அதை நிறைவேற்றும் வழி கடலின் நடுவில் நின்றுவிடுகிறது.

வார்டு நிறுவனம் 1985இல் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. சியர்ஸ் தன் பெரும்பட்டியலை 1993இல் நிறுத்தி, 2018இல் நீதிமன்றத்தில் நொடிப்பு அறிவித்தது. ஆனால், சியர்ஸ் விற்ற புல்வெட்டிகள் எத்தனையோ வீட்டுக் கொட்டகைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் தகட்டில் அறைந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள், அதை உண்மையில் செய்தவர் யார் என்பதைக் காட்டும் குறியீடு. 143 என்று தொடங்கினால் அந்த மோட்டாரைச் செய்தது டெகம்சே நிறுவனம். அந்த எந்திரத் தொழிலும் 2008இல் மூடப்பட்டுவிட்டது. கொட்டகையில் முழந்தாளிட்டு, எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்து, அந்த மூன்று இலக்கங்களைப் படித்து எழுதி அனுப்புபவர்களுக்கு உரிய வால்வு இன்றும் எங்கிருந்தோ அஞ்சலில் வந்து சேர்கிறது.